அம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியுமா

சீதா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. அவள் பெண் வர்ஷினி புனேயில் ஒரு மராட்டிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, சீதாவுக்கு மராட்டி தெரியாது. எஸ்.டி.டி. போட்டால் இரண்டு பேரும் மாறி மாறி "ஹலோ, ஹலோ" என்று சொல்லி, கொஞ்சம் சிரித்து, வைத்துவிடுவார்கள். இப்போது பெண் உண்டாகி வேறு இருந்தாள். சீமந்தம், பிரசவம் என்று எவ்வளவோ பேசியாக வேண்டும். வெறும் ஹலோவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்?

ஜலஜா சேர்ந்ததற்குத்தான் காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. கேட்டவர்களிடம் அமெரிக்கா என்றாள். பிள்ளை ஷ்ரவண் நியூ ஜெர்சியிலிருந்து வருந்தி வருந்திக் கூப்பிட்டபோதெல்லாம் "அந்தக் குளிர்ல யாருடா வருவா" என்று சொன்னவள், திடீரென்று அங்கே கடை கண்ணிக்குப் போனால் பேச வேண்டாமா என்று ஆரம்பித்தாள். தெரு அதைக் கேட்டுத் தலையாட்டியது. ஆட்டிவிட்டு, சீதா பெயர் கொடுத்த மறுநாளே இவளும் கொடுத்திருக்கிறாள் என்ற சங்கதியை வாசலுக்கு வாசல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

விஷயம் இதுதான். ஜலஜாவும் சீதாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். மயிலாப்பூரில் ஒரே தெருவில் வாக்கப்பட்டவர்கள். இந்த முனையில் ஜலஜா அப்பளம் பொரித்தால் அந்த முனையில் சீதாவுக்கு வாசனை போகும். அப்படிப்பட்டவர்கள் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

சண்டை வர்ஷினியின் முதல் வரனில் ஆரம்பித்தது. சீதாவின் புருஷன் காலமாகிவிட்டிருந்த சமயம். பிள்ளை வீட்டார் அடையாறு. ஜாதகம் பொருந்தி, பெண்ணைப் பார்த்து, சொஜ்ஜி சாப்பிட்டு, எல்லாம் ஆனபிறகு வழக்கப்படி ஒரு விசாரணை நடக்கும் அல்லவா, அதற்குப் பிள்ளையின் அம்மா பெண்ணின் பெரியம்மா வீட்டையே தேர்ந்தெடுத்தாள். ஜலஜா டிகிரி காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். "பொண்ணுக்குக் கோபம் கீபம் உண்டோ?" என்று அந்த அம்மாள் சும்மா பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள். ஜலஜாவுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதில் ஒரு பெருமையும் உண்டு. தெருவில் பாதிப் பேரிடம் அந்தப் பெருமையால் வாங்கிக் கட்டிக்கொண்டவள். "கொஞ்சம் முன்கோபம் உண்டு. ஆனா மனசு தங்கம்" என்றாள். அந்த அம்மாள் முன்கோபத்தை எடுத்துக்கொண்டு, தங்கத்தை டம்ளரோடு அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். வரன் நின்றுபோயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை கபாலி கோயிலில், அம்பாள் சந்நிதியில், கற்பூரத் தட்டு முன்னால் வந்து நிற்கும்போது சீதா சொன்னாள்: "இனிமே அவளோட ஒரு வார்த்தை பேசினேனானா, என் வயத்துல பொறந்தது விளங்காமப் போகட்டும்."

சுற்றி நின்றவர்கள் காதில் நன்றாகவே விழுந்தது. குருக்கள்கூட ஒரு கணம் தட்டை நகர்த்த மறந்தார். சொன்னவள் முகமே வெளுத்துப்போயிற்று. ஆனால் சொன்னது சொன்னதுதான். கோபம் இரண்டு வருஷத்தில் ஆறிவிட்டது. வர்ஷினியும் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு, முன்கோபத்தோடு சேர்த்து அவளை விரும்பிய ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சத்தியம் மட்டும் ஆறாமல் கிடந்தது. ஒரே பெண்ணின் தலையில் வைத்த சத்தியத்தை எந்தத் தாய் எடுத்துப் பார்ப்பாள்?

ஜலஜாவுக்கு மன்னிப்பெல்லாம்கூட வேண்டாம். சீதா வாயால் ஒருதரம் "அக்கா" என்று கூப்பிட்டால் போதும். பிள்ளை அம்மா என்கிறான், புருஷன் ஜலஜா என்கிறார், தெரு மாமி என்கிறது. அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒருத்தி. சந்தையிலே யாராவது யாரையாவது அக்கா என்று கூப்பிட்டால்கூட ஜலஜா திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, கத்திரிக்காயைப் புரட்டுவது போல முகத்தைக் கவிழ்த்துக்கொள்வாள்.

வகுப்பு லஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில், மத்தியானம் மூன்று மணிக்கு. டீச்சர் ஜஹீதா திருவல்லிக்கேணியிலிருந்து பல்லவன் பஸ்ஸில் வருகிறவள். நல்ல குரல், நல்ல சிரிப்பு, தெருவின் பழைய கதை எதுவும் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று. முதல் நாளே, "யார் யார் ஒரே பக்கத்திலேருந்து வர்றீங்க?" என்று விசாரித்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து கிளம்பி வரும்போதும் போகும்போதும் ஜோடிகள் இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்பது அவள் சட்டம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே தெருவா? அப்ப நீங்க பார்ட்னர்ஸ்" என்றாள், சீதாவையும் ஜலஜாவையும் காட்டி.

வகுப்பிலிருந்த மற்ற மாமிகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்புறம் என்ன ஆகிறது என்று பார்க்க முடியாதே! ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

ஜஹீதா கரும்பலகையில் கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட் என்று வரிசையாக எழுதினாள். "இதெல்லாம் பெரிய ஆபீசருங்க மாதிரி. இவங்க முன்னாடி வந்து நின்னுட்டா, பின்னாடி வர்ற வெர்ப் வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்கணும். 'டு' கிடையாது, 'எஸ்' கிடையாது, 'இங்' கிடையாது. கோன்னா கோ, ஈட்னா ஈட். புரியுதா? ஜலஜா மேடம், கேன் வெச்சு ஒண்ணு சொல்லுங்க."

ஜலஜா எழுந்து நின்றாள். தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சொன்னாள். "ஐ கேன் டு குக்."

"பார்ட்னர், கரெக்ட் பண்ணுங்க."

சீதா எழுந்தாள். அவள் ஜலஜா பக்கம் திரும்பவில்லை. கரும்பலகையைப் பார்த்து, கரும்பலகைக்கே சொல்வது போலச் சொன்னாள்.

"ஐ கேன் குக். நோ டு."

எட்டு வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் வார்த்தை. ஜலஜா உட்காரும்போது பெஞ்சு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்து தெருவுக்குத் திரும்பும்போது ஜலஜா முன்னால் நடந்தாள். பின்னால் வந்த செருப்புச் சத்தம் மெல்லப் பக்கத்துக்கு வந்தது. சீதா நேர் எதிரே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "திஸ் இஸ் கிளாஸ். திஸ் இஸ் நாட் டாக்."

இது பாடம், பேச்சு இல்லை. அம்பாளுக்கும் ஜலஜாவுக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டாள்.

"எஸ்" என்றாள் ஜலஜா. அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. வந்திருந்தாலும் அழுகை முந்திக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மத்தியானம் ஆனால் சீதா தன் வாசலில் நிற்பாள், ஜலஜா அவளைத் தாண்டி நடப்பாள், இரண்டு பேரும் சேர்ந்துகொள்வார்கள். தெருவில் அத்தனை ஜன்னலும் அந்த நேரத்துக்குக் காற்று வாங்கும். "யுவர் லெக் மே பெயின்" என்பாள் சீதா, அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து. "யூ ஷுட் ஈட்" என்பாள் ஜலஜா. "ஐ கேன் ஈட். ஐ கேன் நாட் குக் ஃபார் ஒன்" என்பாள் சீதா. ஒருத்திக்காக என்னத்தைச் சமைப்பது என்று தமிழில் இதே தங்கை சொல்லியிருந்தால் ஜலஜா நாலு அறிவுரை சொல்லி வாயை அடைத்திருப்பாள். இங்கிலீஷில் அவ்வளவு கைவசம் இல்லாததால் சும்மா கேட்டுக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கொள்வது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டதே அந்த வகுப்பில்தான்.

எதிராத்து மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன கூத்து இது, சத்தியம் பண்ணினவா ஜோடி போட்டுண்டு போறா" என்று ஜலஜாவின் புருஷன் சந்திரமௌலியிடமே கேட்டாள்.

"அது இங்கிலீஷாச்சே மாமி. சத்தியம் தமிழ்ல பண்ணினது" என்றார் அவர்.

"ஏன்னா, அப்ப அது செல்லும்தானே?" என்று உள்ளேயிருந்து ஜலஜா ஓடிவந்தாள்.

ஏ.ஜி. ஆபீசில் ரிட்டயரான சந்திரமௌலிக்கு, தான் சொன்னதையே ஆனாலும், ஆட்சேபித்து ஒரு குறிப்பு எழுதாவிட்டால் தூக்கம் வராது. "அம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கேளா? வெள்ளைக்காரன் கோட்டை கட்டினதுலேர்ந்து இங்கயேதான் இருக்கா. எத்தனை வக்கீல் வந்து நின்னிருப்பான் அவ முன்னாடி!" என்று சிரித்தார். எதிராத்து மாமியும் சிரித்தாள். ஜலஜா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு விளக்கேற்றும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

ஒருநாள் ஜஹீதா அடுத்த பாடத்துக்குப் போனாள். நடந்து முடிந்ததைப் பற்றி, இப்படிச் செய்திருக்கலாம், அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சொல்வது எப்படி? "ஷுட் ஹேவ், ஷுட் நாட் ஹேவ். போன வருஷம், முந்தின வருஷம், எவ்வளவு பழசா வேணா இருக்கலாம். பார்ட்னரைப் பார்த்துச் சொல்லுங்க. சீதா மேடம்!"

சீதா திரும்பினாள். இந்தத் தடவை கரும்பலகையைப் பார்க்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள்.

"யூ ஷுட் நாட் ஹேவ் டோல்ட்."

நீ சொல்லியிருக்கக் கூடாது.

பின் பெஞ்சில் ஒரு மாமி இருமலை அடக்கிக்கொண்டாள்.

ஜலஜா எழுந்தாள். "ஐ ஷுட் நாட் டோல்ட்" என்றாள்.

"ஹேவ் விட்டுட்டீங்க. திரும்பச் சொல்லுங்க" என்றாள் ஜஹீதா.

"ஐ ஷுட் நாட் ஹேவ் டோல்ட்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"ஐ ஷுட் நாட் ஹேவ் டோல்ட்" என்றாள் ஜலஜா, சத்தமாக. கண்ணில் நீர் நிறைந்து கரும்பலகை அழிந்துபோயிற்று.

"வெரி குட்! ரெண்டுமே கரெக்ட்!" என்று கைதட்டினாள் அந்தப் பெண். பாவம், பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று திரும்பும் வழியில் ஜலஜா கேட்டாள். பல நாளாகச் சேர்த்துவைத்திருந்த வாக்கியம். குளிக்கும்போதும் கோலம் போடும்போதும் சொல்லிப் பார்த்தது. "கேன் யூ கால் மீ அக்கா?"

சீதா நாலு வீடு தாண்டி நடந்தாள். பிறகு, "ஐ கேன்" என்றாள். "ஐ மஸ்ட் நாட்."

அந்தச் சொல் மட்டும் இங்கிலீஷில் இல்லையே. அதைச் சொன்னால் தமிழ். தமிழ் என்றால் வர்ஷினி தலை. ஜலஜாவுக்குப் புரிந்தது. "ஓகே" என்றாள். "ஓகே, ஓகே" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம் என்று தெரு இன்றைக்கும் சொல்கிறது. என்னவோ ஜலஜா போய்க் கட்டாயப்படுத்தியது போல! அவள் ஒன்றும் செய்யவில்லை. லஸ் முனையில் ரோட்டைக் கடந்தாள், அவ்வளவுதான்.

கோடை. ஊரில் தண்ணீர் கிடையாது. தண்ணி லாரிகள் ரோட்டையே ராஜபாட்டையாக்கி ஓடிக்கொண்டிருந்த காலம். ஜலஜா அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்கியவள், திருப்பத்தில் வந்த லாரியைப் பார்க்கவில்லை.

"அக்கா!"

முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு. ஜலஜா பின்னால் சாய்ந்து சீதாவின் மேலேயே விழுந்தாள். லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினான். "இன்னா மாமி, ஊட்ல சொல்லிக்கினு வந்தியா? ரோட்ல ஜெபம் பண்ணிக்கினு போறே!"

ஜலஜா ஈரப் புடவையோடு நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். சாவைத் தாண்டி வந்தவள் போலவா இருந்தாள்? கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் போல இருந்தாள். "என்னடி சொன்னே? சீதா, என்னடி சொன்னே நீ?"

சீதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் கோபுரம் இருந்த திசைக்குப் போய் நின்றன.

"ஐ டிட் நாட் சே எனிதிங்" என்றாள், விரல்களுக்கு இடையில்.

வீட்டுக்கு வந்த ஜலஜா புடவைகூட மாற்றாமல் கேசரி கிளறினாள். "என்ன விசேஷம்?" என்று கேட்ட சந்திரமௌலிக்கு, "லாரி இடிக்க வந்தது" என்று சொல்லி ஒரு கரண்டி கூடப் போட்டாள். முழங்கை சிராய்ந்து எரிந்தது. அந்த எரிச்சல்கூட அவளுக்கு இனித்தது.

அந்த வாரமே புனேயிலிருந்து போன் வந்தது. வர்ஷினிக்குக் கரு தங்கவில்லை.

செய்தியை எதிராத்து மாமிதான் கொண்டுவந்தாள். ஜலஜா அடுப்பை அணைத்தாளா என்றுகூடத் தெரியாது, அப்படியே தெருவில் இறங்கி ஓடினாள். சீதா வீட்டுக் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பாஷையில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில், "மே ஐ கம்?" என்றாள்.

சீதா உள்ளேயிருந்து வந்தாள். புனேக்குக் கிளம்பப் பெட்டி பாதி அடுக்கியிருந்தது. ஜலஜா அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். கோபம் அவளுக்குப் பழக்கம். எட்டு வருஷம் அதோடு குடித்தனம் பண்ணியவள். அங்கே கோபம் இல்லை. பயம் இருந்தது. இருட்டில் பாம்பை மிதித்துவிட்டு அசையாமல் நிற்கிறவளின் முகம். சீதா வாயில் கையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் கை வழியாக இறங்கியது. பிறகு மெதுவாக, சத்தம் வராமல், உள்கதவைச் சாத்தினாள்.

"டாக்டரே சொல்றார், எத்தனையோ பேருக்கு முதல்ல இப்படித்தான் ஆறதாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சந்திரமௌலி. அன்று அவரிடம் கிண்டல் இல்லை. "நான் போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வரேன்."

போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னன்னா சொன்னா?"

"'அத்திம்பேர், உங்களோட பேசறதுக்கு எனக்குத் தடையில்லை. ஆனா அவளைப் பத்திப் பேசினா அவளோட பேசின மாதிரிதான். என் பொண்ணு இன்னொருதரம் தாங்க மாட்டா'ன்னா."

ஜலஜா வகுப்புக்குப் போகவில்லை. சீதாவும் புனேயிலிருந்து திரும்பி வந்து போகவில்லை. ஜஹீதா டீச்சர் ஒருநாள் தெருவுக்கே விசாரித்துக்கொண்டு வந்தாள். "நல்லா முன்னேறிக்கிட்டு இருந்தாங்களே ரெண்டு பேரும்!" என்று எதிராத்து மாமியிடம் அங்கலாய்த்தாள். மாமி அவளுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னாள். மோரைப் பாதியில் வைத்துவிட்டு அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அப்புறம் அந்த வகுப்பில் அவள் யாரையும் ஜோடி சேர்க்கவில்லையாம்.

ஆடி கழிந்ததும் ஜலஜா புருஷனிடம் சொன்னாள்: "கொட்டிவாக்கத்துல ஷ்ரவண் வாங்கிப் போட்டிருக்கானே ஃப்ளாட், அங்க போயிடலாம்."

சந்திரமௌலி பேப்பரை இறக்கினார். "கோயில் இல்லை, காய்கறி இல்லை, ஒரு மனுஷா இல்லை, பொட்டல் காடுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்பறம்?"

"இந்தத் தெருவுல இருந்தா ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் எனக்கு ஏதாவது ஆகும். கால் இடறும், மாடு முட்டும், இன்னொரு லாரி வரும். அவ பார்த்துட்டா மறுபடியும் கூப்பிடுவா. அவளால கூப்பிடாம இருக்க முடியாதுன்னா."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஷ்ரவணுக்குப் போன் போட எழுந்தார்.

சாமான் ஏற்றிய அன்று தெருவே வாசலில் நின்றது. ஒரு வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது. கூடப் பிறந்தவளுக்கு இந்த மாதிரி சமயத்தில் துணையாக இல்லாமல் கடல் காற்று வாங்கப் போகிறாள் பார், கல் நெஞ்சு என்று தெரு தீர்ப்பு எழுதிற்று. ஜலஜா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தீர்ப்பும் அவள் காதில் விழுந்தது. பொய் சொல்ல வராதவள் அன்றைக்கு அதை மறுத்தும் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் வர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் அம்மா வீட்டில்தான். எதிராத்து மாமி கொட்டிவாக்கத்துக்குப் போன் போட்டு, கலர், மூக்கு, முடி என்று விவரமாகச் சொல்லி, "வந்து பார்க்கப்படாதாடி?" என்றாள். "முழங்கால் வலி, மாமி" என்றாள் ஜலஜா. பொய் சொல்ல அவளுக்கு வந்துவிட்டது.

சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுப் பிரசவ லேகியம் கிளறினாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "மைலாப்பூர்ல ஒரு கடையில வாங்கினேன்னு சொல்லுங்கோ. என் பேரை எடுக்காதேங்கோ."

சந்திரமௌலி மழையில் நனைந்து போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். டப்பாவும் திரும்பி வந்திருந்தது. ஜலஜா மூடியைத் திறந்தாள். நன்றாக அலம்பித் துடைத்து, அடியில் இரண்டு பிடி சர்க்கரை போட்டிருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. கடையில் வாங்கின டப்பாவை யார் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்?

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை. விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தா. எந்தக் கடைன்னு கேக்கலை."

ஜலஜா மூடியை அழுத்தி மூடினாள். "இளைச்சிருக்காளா?" என்றாள்.

"கவனிக்கலையே."

"தலை நரைச்சிருக்கா? காதுல தோடு போட்டுண்டிருந்தாளா, கழட்டி வெச்சிருந்தாளா?"

"ஜலஜா, நான் லேகியம் குடுக்கப் போனேன்."

"ஆம்பளைகளை அனுப்பினா இதுதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் இலையைப் போடப் போனாள்.